ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் உபுண்டுவும்: ஐந்தாவது பார்ட்டிஷன் ஏன் மறுக்கிறது?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

அண்ணா, என்னிடம் இருப்பது 2015-இல் வாங்கிய டெஸ்க்டாப். 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அக்டோபரோடு அதற்கு அப்டேட் நின்றுவிடும், விண்டோஸ் 11 இதில் ஏறாது. பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ், விழா மலர் எல்லாம் விண்டோஸில்தான் சரியாகத் திறக்கின்றன, அதனால் அதை அழிக்க மனமில்லை. பக்கத்திலேயே லினக்ஸ் வகையான உபுண்டு போடலாம் என்று டி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி செய்தேன். அந்தக் காலி இடத்தில் புது வால்யூம் போடப் போனால், டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றப் போவதாகச் சொல்லிச் சம்மதம் கேட்கிறது. ஆம் கொடுக்கலாமா? அக்காவிடம் மேக் இருக்கிறது. மூன்றிலும் எழுதவும் படிக்கவும் ஒரு பொது இடமும் வேண்டும்.

3 ஆகஸ்ட் 2025, இரவு

கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டியை ரத்து செய்துவிட்டு வாருங்கள்.

உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. டிஸ்க்கின் முதல் செக்டாரில் 512 பைட் இருக்கிறது. அதில் 446 பைட் பூட் ஆவதற்கான நிரலுக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. நடுவில் மிஞ்சுவது 64 பைட். ஒரு பார்ட்டிஷனைப் பற்றி எழுத 16 பைட் வேண்டும், ஆக நான்கு பேருக்குத்தான் அங்கே இடம். 1983-இல் டாஸ் 2.0 காலத்தில் வகுத்த கணக்கு இது, இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே நான்கு இருக்க வேண்டும்: சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, கடைசியில் கம்ப்யூட்டரோடு வந்த ரெக்கவரி. ஐந்தாவதை எழுத அட்டவணையில் வரி இல்லாததால்தான் விண்டோஸ் வேறு வழியாகத் தன் சொந்த முறையான டைனமிக் டிஸ்க்கைக் காட்டுகிறது.

டைனமிக் ஆக்கினால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது, வழக்கம்போல் ஓடும். ஆனால் உபுண்டு இன்ஸ்டாலர் அதற்குள் புது பார்ட்டிஷன் எதுவும் போட முடியாது. திரும்பவும் பேசிக் என்ற சாதாரண டிஸ்க் ஆக்க வேண்டுமென்றால், விண்டோஸின் சொந்தக் கருவியில் எல்லா வால்யூமையும் அழித்த பிறகுதான் முடியும்.

2019-இல் எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் இதே பெட்டிக்கு ஆம் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே 600 ஜிபி வேலை. பழைய யூஎஸ்பி 2 போர்ட், வினாடிக்கு 30 எம்பிக்கு மேல் ஏறவில்லை. வெளி டிஸ்க்குக்கு எடுக்க ஆறு மணி நேரம், திரும்ப வைக்க ஆறு மணி நேரம். ஒரு முகூர்த்த வாரத்தில் முழு நாள் வேலை நின்றது.

4 ஆகஸ்ட் 2025

நேற்று நான்கு பேருக்குத்தான் இடம் என்று எழுதியதில் பாதிதான் சரி. பிரைமரி, அதாவது அட்டவணையில் நேராக எழுதப்படுபவை, நான்குதான். ஆனால் அந்த நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று வைத்து, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். லினக்ஸில் பார்த்தால் இவற்றின் எண் எப்போதும் 5-இல்தான் தொடங்கும். 1 முதல் 4 வரை பிரைமரிக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். 'எனக்கு மூன்றாவதும் நான்காவதும் காணோம், நேராக ஐந்து வருகிறது, ஏதாவது அழிந்துவிட்டதா' என்று ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்குப் பதறிப்போய் அழைத்தார். ஒன்றும் அழியவில்லை.

உங்கள் விஷயத்தில் நான்குமே பிரைமரி. டி-யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் இன்றைக்கு இவ்வளவு தூரம் கை வைக்கிறோம் என்றால் ஜிபிடி என்ற புது பிரிப்பு முறைக்கே மாறிவிடலாம் என்பது என் எண்ணம். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

9 ஆகஸ்ட் 2025

ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு. அட்டவணை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒரு நகல். இரண்டுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு என்பதால் ஒன்று கெட்டால் மற்றதை வைத்து மீட்கலாம். எம்பிஆரில் அந்த 64 பைட்டுக்கு நகல் கிடையாது. தவிர எம்பிஆரில் செக்டார் எண் 32 பிட்டில் எழுதப்படுகிறது. 512 பைட் செக்டாருக்குக் கணக்குப் போட்டால் 2.2 டிபிக்கு மேல் அதற்கு எட்டாது. நாளைக்கு 4 டிபி டிஸ்க் வாங்கினால் இந்தப் பிரச்சினை மறுபடி வரும்.

மாற்றுவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து. டேட்டாவை அழிக்காமல் மாற்றும். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள். பிரைமரி மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் இருக்கவே கூடாது, மதர்போர்டு யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையிலேயே நீங்கள் நின்றுவிடுவீர்கள்.

அதனால் வரிசை இப்படி: டி டிரைவில் இருப்பதையெல்லாம் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். எடுத்ததில் பத்து ஃபைலையாவது திறந்து பாருங்கள், எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். டி-யை அழியுங்கள். இப்போது மூன்று. கருவியை முதலில் வேலிடேட் என்ற சொல்லோடு ஓட்டினால் மாற்றாமல் சோதித்து மட்டும் சொல்லும். அது சரி என்றால் கன்வெர்ட். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் திரைக்குள் போய் லெகசி என்ற பழைய பூட் முறையை யூஇஎஃப்ஐ ஆக மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் செய்யாவிட்டால் விண்டோஸ் வரவே வராது, டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

கன்வெர்ட் கொடுப்பதற்கு முன்னால் பயாஸ் திரையில் யூஇஎஃப்ஐ என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 2015 போர்டு என்றால் பெரும்பாலும் இருக்கும்.

17 ஆகஸ்ட் 2025

வேறொருவர் இங்கே கேட்டிருக்கிறார்: சி டிரைவ் 400 ஜிபி, உள்ளே 90 ஜிபிதான் இருக்கிறது, சுருக்கப் போனால் 20 ஜிபிக்கு மேல் விடமாட்டேன் என்கிறது, ஏன்?

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் கொடுத்தால் வரும் சின்னப் பெட்டியில் நான்கு வரி இருக்கும். மொத்த அளவு, சுருக்கக்கூடிய அளவு, நீங்கள் சுருக்க விரும்புவது, சுருக்கிய பின் மொத்தம். எல்லாம் எம்பியில். இரண்டாவது வரியைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் தன் சில ஃபைல்களை ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தாது. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் எடுத்துவைக்கும் நகல்கள், இவையெல்லாம் அதில் சேர்த்தி. பார்ட்டிஷனின் நடுவில் இவற்றில் ஒன்று உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. அதற்கு முன்னால், பார்ட்டிஷனின் தொடக்கப் பக்கம், எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் அதுதான் எல்லை.

எந்த ஃபைல் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுக்குள் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். கடைசியாக வழிமறித்த ஃபைலின் பெயரை அதிலேயே எழுதிவைத்திருக்கும். என் கம்ப்யூட்டரில் அது பேஜ் ஃபைல். தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கி, திரும்ப இயக்கினேன். 18 ஜிபி என்று நின்றது 210 ஜிபி ஆயிற்று.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: எந்த சிஸ்டத்தின் பார்ட்டிஷனோ அதை அந்த சிஸ்டத்தின் கருவியால் மட்டும் சுருக்குவேன். விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸில். உபுண்டுவின் இஎக்ஸ்டி4-ஐ (ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம்) உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து ஜிபார்ட்டெட் என்ற நிரலில். ஜிபார்ட்டெட்டால் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸைத் தொடவே கூடாது.

18 ஆகஸ்ட் 2025

தொடவே கூடாது என்று நேற்று எழுதியது அதிகப்படி. எத்தனையோ பேர் ஜிபார்ட்டெட்டில் என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்கி நன்றாகத்தான் இருக்கிறார்கள், நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். விண்டோஸ் முழுமையாக அணைந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அடுத்த முறை விண்டோஸ் வரும்போது தானாகச் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனை ஓடும், அதை நடுவில் நிறுத்தாமல் விட வேண்டும். விண்டோஸே சுருக்கித் தரும் இடத்தில் ஏன் இன்னொருவரை அழைப்பது என்பதுதான் என் வாதம்.

இஎக்ஸ்டி4-ஐ ஓடும்போதே பெரிதாக்கலாம், ஆனால் சுருக்க வேண்டுமென்றால் அன்மவுன்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்றிவைக்க வேண்டும். அதனால்தான் பென்டிரைவ். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் சுருக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம், அதில் அந்த வசதி கிடையாது.

18 ஆகஸ்ட் 2025, மாலை

1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது, மீதியை யார் எடுத்தார்கள் என்பவர்களுக்கு: யாரும் எடுக்கவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. மேக் 2009-இல் ஸ்னோ லெப்பர்டிலிருந்து ஆயிரத்துக்கு மாறிவிட்டது. உபுண்டுவின் டிஸ்க்ஸ் நிரல் ஆயிரத்தில் காட்டும், ஜிபார்ட்டெட் 1024-இல் காட்டும். விண்டோஸில் 100 ஜிபி என்று ஒதுக்கியது உபுண்டுவில் 107 என்று தெரியும். அளவு ஒத்துப்போகவில்லையே என்று தவறான பார்ட்டிஷனை அழித்துவிடாதீர்கள். வரிசையையும் ஃபைல் சிஸ்டத்தையும் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். பிரிக்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

31 ஆகஸ்ட் 2025

மூன்றுக்கும் பொதுவான இடம் பற்றிக் கேட்டதற்கு இப்போதுதான் வருகிறேன்.

ஃபேட்32 எல்லாவற்றிலும் திறக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது. கல்யாண வீடியோ ஒன்றை வைத்தாலே முடிந்தது. என்டிஎஃப்எஸ்ஸை விண்டோஸும் லினக்ஸும் எழுதும், மேக் படிக்க மட்டும் செய்யும். இஎக்ஸ்டி4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் இரண்டும் அவரவர் வீட்டுக்குள் மட்டும். மிச்சமிருப்பது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. 2019-இல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. மூன்றிலும் படிக்கலாம், எழுதலாம்.

அதனால் பொது இடம் எக்ஸ்ஃபேட்.

14 செப்டம்பர் 2025

மேலே எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மழையில் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி பலவீனமாகத்தான் இருந்தது, இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அந்த நேரம் உள்டிஸ்க்கின் எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷனுக்கு 11 ஜிபி ஸ்கேன் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. திரும்ப வந்து பார்த்தால், ஏறிக்கொண்டிருந்த ஃபோல்டர் மட்டுமல்ல, பக்கத்தில் சும்மா இருந்த ஒரு ஃபோல்டரும் காலி. செக்டிஸ்க் ஓட்டியதும் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் வந்தது. உள்ளே ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசை. ஒவ்வொன்றையும் படமாகப் பெயர் மாற்றித் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. மூலப் படங்கள் வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தேன்.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல் கிடையாது. என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் குறிப்பேடு அது. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4, மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் மூன்றிலும் உண்டு. ஜர்னல் இருந்தாலும் ஏறிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கத்தான் செய்யும், அதைக் காப்பாற்றாது. ஆனால் ஃபோல்டர் கட்டமைப்பு குலையாமல் நிற்கும், பக்கத்தில் இருப்பவை போகாது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அக்காவின் மேக் உங்கள் டெஸ்க்டாப்புக்கு உள்ளே இருக்கும் டிஸ்க்கை என்றைக்குமே பார்க்கப் போவதில்லை! உள்ளே இருக்கும் பொது இடத்தை விண்டோஸும் உபுண்டுவும் மட்டும்தான் தொடும். அங்கே என்டிஎஃப்எஸ் போதும். மேக்குக்கும் போய்வரும் வெளி டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட், அதுவும் கொண்டுபோகக் கொண்டுவரத்தான், சேமித்து வைக்க அல்ல. எழுதி முடித்ததும் இஜெக்ட் கொடுத்து, அது சரி சொன்ன பிறகுதான் கேபிளைப் பிடுங்க வேண்டும்.

21 செப்டம்பர் 2025

என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாறினேன், உபுண்டுவில் எழுத விடமாட்டேன் என்கிறது, படிக்க மட்டும் விடுகிறது என்று கேள்வி வந்திருக்கிறது.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம். விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் அணைந்ததுபோல் தெரியும், ஆனால் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் ஹைபர்னேஷன் ஃபைலாக எழுதிவைத்துவிட்டுத்தான் போகும். விண்டோஸ் கணக்கில் அந்தப் பார்ட்டிஷன்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. இதைப் பார்த்துத்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. நல்லதற்குத்தான் மறுக்கிறது. அந்த நிலைமையில் நீங்கள் எழுதி, விண்டோஸ் பழைய நினைவோடு திரும்பி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஹைபர்னேஷன் ஃபைலை அழித்துவிட்டு மவுன்ட் செய் என்று ஒரு தேர்வு உண்டு, பலரும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விண்டோஸில் சேமிக்காமல் திறந்துவைத்த வேலை இருந்தால் அதோடு போய்விடும். பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள், அது நிரந்தர வழி. அவசரத்துக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். ரீஸ்டார்ட் எப்போதுமே முழுதாகத்தான் அணைத்து எழுப்பும். அதனால்தான் சிலருக்கு ஒருநாள் எழுதுகிறது, ஒருநாள் எழுதவில்லை.

இன்னொன்று. பொது பார்ட்டிஷனை உபுண்டு தொடங்கும்போதே மவுன்ட் ஆகும்படி எஃப்எஸ்டாப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதினால், பார்ட்டிஷனின் தனி அடையாளமான யூயூஐடியைக் கொண்டு எழுதுங்கள், நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால், பார்ட்டிஷனில் ஏதாவது கோளாறு வரும் அன்றைக்கு உபுண்டுவே முழுதாக வராமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

22 செப்டம்பர் 2025

உபுண்டுவுக்குப் போய்வந்த பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா? போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. பேட்டரி போகவில்லை, புது பேட்டரி வாங்காதீர்கள். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

5 அக்டோபர் 2025

இது கொஞ்சம் விலகிய விஷயம், ஆனால் தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் எல்லோருக்கும் உரியது. எனக்கு இதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

'கொலு 2003' என்று ஒரு ஃபோல்டர். பழைய மேக் ஒன்றிலிருந்து லினக்ஸுக்கு வந்தது. திரையில் கொலு என்றுதான் தெரிகிறது. கொலு என்று தட்டித் தேடினால் கிடைக்கவில்லை. அதே பெயரில் புது ஃபோல்டர் போட்டால் ஒன்றும் சொல்லாமல் போட விடுகிறது. இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கொலு!

யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒற்றைக் குறியாக ஒகர மாத்திரை. அல்லது க-வுக்குப் பின் கொம்பு, அதற்குப் பின் கால், தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நாம் விசைப்பலகையில் தட்டினால் வழக்கமாக முதல் விதம் வரும். எச்எஃப்எஸ் பிளஸ் எந்தப் பெயரையும் பிரித்து இரண்டாம் விதமாகத்தான் எழுதிவைத்துக்கொள்ளும். இஎக்ஸ்டி4 பெயரைப் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும், அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதி. கா, கி, கு வரிசைகளுக்குப் பிரச்சினை இல்லை, அவை பிரிவதில்லை. 'பாட்டி' கிடைக்கும், 'கோயில்' கிடைக்காது.

லினக்ஸில் கான்வ்எம்வி என்ற சின்ன நிரல் இருக்கிறது. ஃபோல்டர் முழுக்கப் போய் இரண்டாம் விதத்தை முதல் விதமாக மாற்றிவிடும். முதலில் என்ன மாற்றப் போகிறது என்று காட்ட மட்டும் செய்யும், பார்த்துவிட்டு உறுதி கொடுக்கலாம்.

5 அக்டோபர் 2025, இரவு

பெயரின் நீளத்தைச் சொல்ல விட்டுப்போனது. என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை. இஎக்ஸ்டி4-இல் 255 பைட் வரை. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 85 குறிகள்தான். அதுவும் எழுத்து 85 அல்ல. 'கு' என்றால் க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் ஒன்றாகக் கணக்காகும். 'பெரியப்பா வீட்டு கிரகப்பிரவேசம், அத்தை மாமா குழந்தைகள் எல்லோரும் தாத்தாவோடு வாசலில் நிற்பது' என்று நான் பெயர் வைத்திருந்த படம் விண்டோஸில் நன்றாக இருந்தது. உபுண்டுவுக்கு ஏற்றும்போது பெயர் நீளம் என்று நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு பைட்தான் கூடுதல், பின்னால் வரும் ஜேபிஜியையும் சேர்த்து. பெயரைச் சுருக்கி, விவரத்தைத் தனி உரைக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. கேள்வி கேட்டவர் இன்னும் டி-யைக் காலி செய்துகொண்டுதான் இருக்கிறார் என்று தெரிகிறது. அவசரமில்லை. விண்டோஸை எழுத்துரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இணையம், வங்கி எல்லாம் உபுண்டுவில் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இயங்குகிறதா என்று பார்க்காமல் பார்ட்டிஷனில் கை வைக்காதீர்கள். பூட் வரிசை மாறினாலே 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அதை முன்னமே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2 நவம்பர் 2025

இது நடந்தது 2021-இல். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். லினக்ஸ் டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் ஃபார்மட் செய்யட்டுமா என்கிறதே, செய்யலாமா என்று இன்று ஒருவர் கேட்டதைப் பார்த்ததும் எழுதுகிறேன்.

அப்பா இறந்த வருடம். குடும்பத்தில் யார் யாரிடமோ இருந்த பழைய படங்களையெல்லாம் வாங்கி ஸ்கேன் செய்து ஒரு வெளி டிஸ்க்கில் வைத்திருந்தேன். இஎக்ஸ்டி4. ஆல்பம் அச்சிட ஓர் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் டிஸ்க்கை விண்டோஸில் செருகினார். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று பெட்டி வந்தது. அவர் செய் கொடுத்தார். அடுத்த பெட்டிக்கும் கொடுத்தார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், என் பக்கம் திரை தெரியவில்லை.

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், எதிலும் செருகவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு டிஸ்க் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு முழுமையாக நகல் எடுத்தேன். பிறகு நகலில் மட்டுமே வேலை. விரைவு ஃபார்மட் டிஸ்க் முழுவதையும் துடைப்பதில்லை, புது ஃபைல் சிஸ்டத்துக்கு வேண்டியதை மட்டும் மேலே எழுதுகிறது. இஎக்ஸ்டி4 தன் தலைப்புக் குறிப்பின் நகல்களைப் பல இடங்களில் வைத்திருக்கும், வழக்கமாக 32768-ஆவது பிளாக்கில் ஒன்று. அதைக் காட்டி சரிபார்ப்பை ஓட்டினேன். பெரும்பாலான ஃபோல்டர்கள் அப்படியே திரும்பி வந்தன.

சில நூறு படங்கள் மட்டும் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் வந்து விழுந்தன. படம் இருக்கிறது, பெயர் இல்லை. #131074, #131075 என்று எண் மட்டும். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வைத்த பெயர்கள் அவை. பெரிய அத்தையிடம் டேப்லெட்டைக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். அவருக்கும் தெரியாதவை 40-க்கு மேல் இன்னும் எண்ணாகவே இருக்கின்றன.

தெரியாத டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் ஃபார்மட் கேட்கும், மேக் படிக்க முடியவில்லை என்று சொல்லி இனிஷியலைஸ் என்ற பொத்தானைக் காட்டும். இரண்டிலும் ரத்து, அல்லது இக்னோர். வெளியே கொண்டுபோகும் டிஸ்க்கில் மூலம் இருக்கவே கூடாது, நகல் மட்டும். என் டிஸ்க்குகள் எல்லாவற்றின் மேலும் இப்போது வெள்ளை டேப் ஒட்டி 'லினக்ஸ் டிஸ்க், ஃபார்மட் செய்யாதீர்கள்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

3 நவம்பர் 2025

அந்த ஃபார்மட் பெட்டி ஏன் வருகிறது என்று கேட்டீர்கள். ஜிபிடியில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் வகையைச் சொல்லும் நீண்ட எண் உண்டு. ஒரு காலத்தில் லினக்ஸ் கருவிகள் விண்டோஸ் டேட்டாவுக்கான அதே எண்ணையே போட்டுவந்தன. விண்டோஸ் அதைத் தன்னுடையது என்று நினைத்துத் திறந்து, உள்ளே புரியாததால் ஃபார்மட் கேட்கும். பிறகு லினக்ஸுக்குத் தனி எண் வந்தது. என் டிஸ்க் பழைய எண்ணோடு இருந்தது என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். ஜிடிஸ்க் நிரலில் வகை 8300 என்று மாற்றினால் போதும், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது.

23 நவம்பர் 2025

மேக்கின் உள்டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. 2017-இலிருந்து மேக்கில் ஏபிஎஃப்எஸ். அதில் ஒரு கன்டெய்னருக்குள் எத்தனை வால்யூம் வைத்தாலும் காலி இடம் எல்லோருக்கும் பொது. வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வேண்டுமானால் டிஸ்க் யூட்டிலிட்டியில் வால்யூம் சேருங்கள், பார்ட்டிஷன் வேண்டாம். ஜிபார்ட்டெட்டால் ஏபிஎஃப்எஸ்ஸின் அளவை மாற்ற முடியாது, முயலவும் வேண்டாம். பூட் கேம்ப் வழியாக விண்டோஸ் போடுவது இன்டெல் மேக்கில் மட்டும். 2020-இல் எம்1 வந்ததிலிருந்து புது மேக்குகளில் அது கிடையாது.

7 டிசம்பர் 2025

கேள்வி கேட்டவர் முடித்துவிட்டார், படமும் அனுப்பியிருக்கிறார். டி-யை வெளி டிஸ்க்குக்கு எடுத்து அழித்தார், வேலிடேட் முதல் தடவையே சரி சொன்னது, பயாஸ் திரையில் யூஇஎஃப்ஐக்கு மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இப்போது அவர் டிஸ்க்கில்: சி 250 ஜிபி என்டிஎஃப்எஸ், அதை ஒட்டி மாற்றும்போது கருவியே உண்டாக்கிய, பூட் ஆவதற்கான 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன். உபுண்டுவும் அதையே பகிர்ந்துகொள்கிறது, கெர்னல்களை வேறிடத்தில் வைப்பதால் இடம் போதும். உபுண்டு 120 ஜிபி இஎக்ஸ்டி4, பொது இடம் 400 ஜிபி என்டிஎஃப்எஸ், கடைசியில் பழைய ரெக்கவரி. நடுவில் கிட்டத்தட்ட 130 ஜிபி எதற்கும் ஒதுக்காமல் விடச் சொன்னேன். எந்தப் பக்கம் இடம் போதவில்லை என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், அப்போது கொடுத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு 500 ஜிபி வெளி டிஸ்க், எக்ஸ்ஃபேட்.

8 டிசம்பர் 2025

ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு, தனியாக 8 ஜிபி பார்ட்டிஷன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உபுண்டு தன் பார்ட்டிஷனுக்குள்ளேயே ஸ்வாப் ஃபைல் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். பின்னால் பெரிதாக்க வேண்டுமென்றாலும் ஃபைல் என்பதால் சுலபம்.